ஊதாப் பெட்டிப் படம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
14 ஜனவரி 1991

அன்புத் தங்கச்சி ஹாஜராவுக்கு, அண்ணன் ஹனீபா சொல்லச் சொல்ல, மகள் சல்மா எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறது. கடையநல்லூரில் இப்போது பனிக்காலம், உன் இருமல் எப்படி இருக்கிறது? மகனும் மருமகள் ருக்கையாவும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே?

சல்மாவும் அவள் புருஷனும் சூலியா தெருவில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு வீட்டில் சும்மா கிடக்காது என்று நானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவனுக்குக் கேசட் கடையில் என்ன வேலை என்று நீ கேட்பாய். எழுநூறு கேசட் இருக்கிறது. எது எந்தத் தட்டில், இடதுபக்கமிருந்து எத்தனையாவது, பெட்டி என்ன நிறம், யார் கொண்டுபோய் எத்தனை நாளாகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். மருமகன் நோட்டைப் புரட்டி முடிப்பதற்குள் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். (இது உண்மைதான் மாமி. அவருக்கு இதில் பெருமை அதிகம். சல்மா)

கடையில் ஒரு டிவி நாள் முழுக்க ஓடும். இப்போது வாடிக்கைக்காரர்கள் கேட்பதெல்லாம் ஜப்பான்காரனின் கார்ட்டூன் படம். கார்ட்டூன் என்றால் எலியும் பூனையும் என்று நினைக்காதே. ஊதா நிறப் பெட்டியில் ஒரு தொடர் வருகிறது, மொத்தம் பதின்மூன்று கேசட்டாம். சாவும் இருட்டுமாக இருக்கும். நானும் பார்க்க ஆரம்பித்தேன், விட முடியவில்லை.

அதிருக்கட்டும். மச்சான் மௌத்தாகி, உன்னை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நீ இங்கிருந்து ரஜூலா கப்பலில் ஏறிய நாளிலிருந்து இந்த ஊரை ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. எனக்கு எழுபது வயது. டிக்கெட் நான் எடுக்கிறேன், ஒரு ஆறு மாதம் வந்து இரு. உன் பதிலைப் பார்த்திருக்கும் அண்ணன்.

*

கடையநல்லூர்
6 பிப்ரவரி 1991

மதிப்புக்குரிய ஹனீபா அண்ணனுக்கு, தங்கச்சி ஹாஜரா சொல்ல மருமகள் ருக்கையா எழுதுவது. வ அலைக்கும் ஸலாம். இருமல் போய் இப்போது கண்ணில் தண்ணீர் வடிகிறது. பிள்ளைகள் சுகம். முழங்காலுக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவுங்கள்.

உங்கள் கடிதத்தை ருக்கையா படித்தபோது நடுவில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னேன். ஜப்பான்காரன் படமா அண்ணே? அதையும் உட்கார்ந்து பார்க்கிறீர்களா? நம் தம்பி அலாவுதீனின் உயிரை எடுத்தவன் யார்? யுத்தத்தில் பினாங்கில் குண்டு போட்டவன் ஜப்பான்காரன். ஆனால் அந்த நேரத்தில் அவனைத் தெருவுக்கு அனுப்பியது நான். காய்ச்சலில் கிடந்துகொண்டு ஐஸ் வேண்டும் என்று அழுதேன். வாங்கப் போனவன் வரவில்லை. ஒன்பது வயதில் செய்ததை அறுபது வயதிலும் துஆவில் சொல்லி அழுகிறேன். நீங்கள் என்னவென்றால் அவன் பாஷையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தச் சத்தம் இருக்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன். கோபமாக எழுதச் சொன்னதாக ருக்கையா சொல்கிறாள். கோபம்தான்.

சல்மாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் ஸலாம்.

*

ஜார்ஜ்டவுன்
27 பிப்ரவரி 1991

தங்கச்சி ஹாஜராவுக்கு ஸலாம். உன் கண்ணுக்கு என்ன மருந்து போடுகிறாய்? பூண்டு எண்ணெய் தடவினேன். முழங்கால் பரவாயில்லை, ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

நீ கோபப்பட்டது நியாயம். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருஷத்தில் துறைமுகத்தில் அவன் வாயிலிருந்து நான் கற்றுக்கொண்டது பத்துப் பதினைந்து சொல்தான். எல்லாம் அடி விழுவதற்கு முன்னால் வரும் சொற்கள். 'பாக்கா', அதாவது முட்டாள், என்றால் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் படத்தில் ஒரு அம்மா அதே சொல்லைச் சொல்கிறாள். சோறு சாப்பிடாமல் ஓடும் பையனைப் பார்த்து, சிரித்துக்கொண்டே. நான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அவர்களுக்கும் அது வீட்டில் சொல்லும் சொல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நோர்மா என்று ஒரு மலாய் டீச்சர். நான் அவரைச் சிக்கு, அதாவது டீச்சர் என்பேன், அவர் என்னைப் பக்சிக், மாமா என்பார். பள்ளிக்கூடத்தில் மார்க்கப் பாடம் எடுப்பவர், நாற்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஊதாப் பெட்டிதான் எடுப்பார். படத்தின் கீழே ஓடுவது சீன எழுத்து, அதுவும் அவருக்குத் தெரியாது. நான் கேட்டேன், "சிக்கு, ஊர் முழுக்க சிரிப்புப் படம் கிடக்கு. இந்தச் சாவுப் படத்துல என்ன லா இருக்கு?" அவர் சிரித்தார். "பக்சிக், நாள் முழுக்க பிள்ளைங்க முன்னால நல்ல டீச்சர். வீட்டுல நல்ல மருமக. இதைப் பார்க்கும்போது மட்டும் என்னை யாரும் நல்லவளா இருக்கச் சொல்றதில்ல லா" என்றார். மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

லோரி ஓட்டும் தியாகராஜா தம்பியைக் கேட்டேன். அவன் சொன்னது வேறு. "அண்ணே, நம்ம படத்துல ஹீரோ செத்தாலும் பாட்டு போட்டு எழுப்பிடுவான். இவன் செத்தா செத்ததுதான். அதனால நம்பலாம்" என்றான்.

தங்கச்சி, உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் நேரில் வரச் சொல்கிறேன். கடையில் டிவியை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன். (கடிதத்தில் என்ன சொல்ல முடியாது என்று கேட்டேன் மாமி. "எழுதுறது நீ தானே, அதான்" என்கிறார். இருபது வருஷமாக நான்தான் எழுதுகிறேன்! சல்மா)

உன் நலத்துக்குத் துஆ செய்யும் அண்ணன்.

*

கடையநல்லூர்
30 மார்ச் 1991

அண்ணனுக்கு ஸலாம். நோன்பு நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்கு ஆபரேஷன் தேவையில்லை, கண்ணாடி போதும் என்றார் டாக்டர். நீங்கள் நோன்பு பிடிக்கிறீர்களா, அல்லது சர்க்கரை என்று சாக்குச் சொல்கிறீர்களா?

சொல்ல முடியாத விஷயம் என்கிறீர்கள். எனக்கு விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தாலும் அதே நினைப்பு. உடம்புக்கு ஏதாவதா? புற்றா? ருக்கையா எனக்கு மகள் மாதிரி. வரும் கடிதத்தை எல்லாம் அவள்தான் வாசிக்கிறாள், வாசித்ததை வெளியே சொல்லமாட்டாள். எதுவானாலும் எழுதுங்கள்.

உங்கள் லோரிக்காரர் பேச்சும் டீச்சர் பேச்சும் எனக்கு ஏறவில்லை. துக்கம் பார்க்க வாடகை கொடுப்பார்களா யாராவது? துக்கம் வேண்டுமானால் கப்ருஸ்தானுக்குப் போய் நின்றால் போதும். சரி, அந்தப் படத்தில் அப்படி என்னதான் நடக்கிறது? ருக்கையா கேட்கச் சொல்கிறாள். நான் கேட்கவில்லை.

*

ஜார்ஜ்டவுன்
5 மே 1991

தங்கச்சிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. முப்பது நோன்பும் பிடித்தேன், சல்மா சாட்சி. எனக்குப் புற்றும் இல்லை ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

ருக்கையா கேட்டாள் அல்லவா, ருக்கையாவுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய அணைக்கட்டு. அதன் கீழே ஒரு ஊர். அணையின் மதகைத் திறந்து மூடும் வேலை ஒரு பையனுக்கு, பதினைந்து வயது, தாய் தகப்பன் இல்லை. ஒருநாள் வானத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று வருகிறது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு மதகை மறந்துவிடுகிறான். தண்ணீர் பாய்ந்து அவன் கூட்டாளி செத்துப்போகிறான். அவன் மறந்ததை யாரும் பார்க்கவில்லை. மதகு பழுது என்று ஊரே நினைக்கிறது. செத்த பையனின் அம்மா, நீயும் அனாதை நானும் அனாதை என்று இவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறாள். அவள் போட்ட சோற்றைச் சாப்பிடுகிறான். செத்தவனின் சட்டையை அவனுக்குப் போட்டுவிடுகிறாள், அளவு சரியாக இருக்கிறது. இன்னும் கூட்டம் கூட்டமாகக் கறுப்புப் பறவைகள் வருகின்றன, ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது, அதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. அவன் அந்த அம்மாவிடம் சொல்வானா மாட்டானா, அதுதான் எனக்கு வேண்டும்.

நம் படத்தில் தப்புச் செய்தவன் கடைசி ரீலுக்குள் செத்துவிடுவான், இல்லை காலில் விழுந்துவிடுவான். இரண்டும் சீக்கிரம் முடியும் வேலை. இந்தப் பையன் காலையில் எழுந்து பல் தேய்க்கிறான், வேலைக்குப் போகிறான், இரவு வந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். பதினொரு கேசட் அப்படியே போகிறது. இந்தக் கஷ்டத்தை இத்தனை பொறுமையாகக் காட்டி நான் எங்கும் பார்த்ததில்லை. யாரோ என் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தது மாதிரி இருக்கிறது.

கடைசி இரண்டு கேசட் இன்னும் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில் அரபு எழுத்தில் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாயே, உம்மாவுக்கு நாயகத்தைப் புகழும் மாலைப் பாட்டெல்லாம் வாசித்துக் காட்டுவாயே, அது இன்னும் மறக்காமல் இருக்கிறதா? ருக்கையாவுக்கும் அது தெரியுமா?

*

கடையநல்லூர்
9 ஜூன் 1991

அண்ணனுக்கு ஸலாம். எங்கள் எல்லோருக்கும் சுகம். கண்ணாடி போட்டுப் படம் எடுத்தேன், போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருக்கிறேன் என்று பேரன் சொல்கிறான், அதனால் அனுப்பவில்லை.

அரபுத் தமிழ் எனக்கு நன்றாக வாசிக்க வரும். தமிழ் எழுத்துதான் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனது. ருக்கையாவுக்கு அது தெரியாது, அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள், கேட்டால் சிரிக்கிறாள். (சிரிக்கவில்லை மாமா. ருக்கையா) எதற்குக் கேட்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசிக்கச் சொன்னேன். சோறு வடிக்கும்போதுகூட அந்தப் பையன் நினைப்பு வந்தது. ஒரு கார்ட்டூன் பையனுக்காக நான் ஏன் யோசிக்க வேண்டும்? இருந்தாலும் சொல்கிறேன், அவன் சொல்லக் கூடாது. பாவம் அந்த அம்மாவுக்கு இனி யார் இருக்கிறார்கள்? இந்த ஒரு பிள்ளையும் இல்லாமல் போவான். தான் சுமப்பதை அவன் தானே சுமக்கட்டும். நான் சுமக்கவில்லையா?

கடைசி கேசட் வந்ததும் எழுதுங்கள். ருக்கையா காத்திருக்கிறாள்.

*

ஜார்ஜ்டவுன்
18 ஜூலை 1991

தங்கச்சிக்கு ஸலாம். நலம்தானே.

கேசட் வந்தது. அவன் சொல்லவில்லை. நீ சொன்னபடிதான் ஆயிற்று. அந்த அம்மா நோயில் படுக்கிறாள். மகனுக்கு அன்று சாப்பாடு கட்டிக்கொடுக்கத் தாமதம் பண்ணினேன், இல்லாவிட்டால் அவன் அந்நேரத்தில் ஆற்றைத் தாண்டியிருப்பான், நான்தான் கொன்றேன் என்று இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இவன் வாயைத் திறக்கிறான். திறந்தபடியே இருக்கிறான். அவள் போய்விடுகிறாள். அப்புறம் ஜன்னல் வழியாக ஆறு தெரிகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

கடையில் ஐந்து பேர் இருந்தோம். நோர்மா டீச்சர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தியாகராஜா, "என்னண்ணே இது, முடிக்காம வுட்டுட்டான்" என்று சத்தம் போட்டான். மருமகன் அடுத்த கேசட்டைப் போட்டான். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

இதன் பின்னால் வேறொரு கடிதம் வரும். சல்மா எழுதமாட்டாள். ருக்கையாவால் படிக்கவும் முடியாது. நீயே, தனியாக இருந்து படி. (மாமி, எனக்குக் கோபம்தான். சொல்லிவிட்டேன். சல்மா)

*

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுத பிறகு
ஜூலை 1991

தங்கச்சி ஹாஜரா, ஸலாம். உன் கண் சுகமாக இருக்கட்டும், இதைப் படிக்க வேண்டும் அல்லவா.

இதை எழுதுகிற நோர்மா டீச்சருக்குத் தமிழ் தெரியாது. மலாய்க்காரர்கள் தங்கள் பாஷையை அரபு எழுத்தில் எழுதுவதற்கு ஜாவி என்று பெயர், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறேன், காதில் விழும் சத்தத்தை அந்த எழுத்தில் எழுதுகிறார். "என்ன விஷயம் பக்சிக்?" என்று கேட்டார். "குடும்ப விஷயம் சிக்கு" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. எங்காவது பிசகியிருந்தால் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். உனக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். ஐஸ் வேண்டும் என்றாய். அலாவுதீன் பித்தளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான். இதுவரை உனக்குத் தெரியும்.

அவன் வாங்கிவிட்டான். திரும்பியும் வந்துவிட்டான். நம் வீட்டு வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டான். நான் நடுத்தெருவில் நின்றேன், தெரு முழுக்க ஜனம். பிளேன் வருகிறது, மூன்று மூன்றாக, வெயிலில் மின்னுகிறது. எல்லோரும் வெள்ளைக்காரன் பிளேன் என்று கை தட்டுகிறார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. எனக்கு இருபது வயது. அத்தனை வேகமாக எண்ண எனக்கு வராது. நம் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் அவன் ஒருத்தன்தான். நான் கூப்பிட்டேன். "டேய் அலாவு, வாடா இங்க, எத்தனைன்னு எண்ணிச் சொல்லு."

உனக்கு ஐஸ் கரைந்துவிடும் என்றான். "ஒரு நிமிஷம் லா" என்றேன். கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து, இங்கிலீஷில் எண்ணினான். எய்ட்டீன் என்றது வரை கேட்டது.

நான் எழுந்தேன். அவன் எழவில்லை.

அவனை நான் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து உம்மா ஓடிவந்து கேட்டபோது, ஐஸ் வாங்கப் போன இடத்தில் என்று சொல்லிவிட்டேன். வாப்பாவுக்குப் பயம். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் சொன்னேன், அப்புறம் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. அன்று மாலை உம்மா உன் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து "ஐஸ் கேட்டியே, ஐஸ் கேட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் கதவருகில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாளும் சொல்லியிருக்கலாம். நீ கப்பலேறிய நாளில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் அதற்கு முந்தின வருஷத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் படத்துப் பையன் சொல்லியிருந்தால் நான் நன்றாக அழுதுவிட்டு, அதோடு மனசு ஆறி, இப்படியே மௌத்தாகியிருப்பேன். அவன் சொல்லாமல் விட்டுவிட்டான். அதனால் தூக்கம் போய்விட்டது.

உன்னால் அவன் சாகவில்லை. நான் கூப்பிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அண்ணன் ஹனீபா.

*

கடையநல்லூர்
12 செப்டம்பர் 1991

சல்மா மச்சிக்கு ருக்கையாவின் ஸலாம். அங்கே எல்லோரும் நலமா? இதை மாமிக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் வாப்பா மாமிக்கு என்ன எழுதினார்கள்? கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. குர்ஆனுக்குள் வைத்துக்கொண்டு, விடியற்காலை பஜ்ர் தொழுததும் எடுத்து வாசிக்கிறார்கள். முதல் நாள் பாதியில் மடித்துவிட்டார்கள். மறுநாள் முதலிலிருந்து வாசித்தார்கள். என்ன மாமி என்றால், "ஒண்ணுமில்ல, உன் வேலையைப் பாரு" என்கிறார்கள். அழவும் இல்லை. அழுதால் எங்களுக்குப் பயமாக இருக்காது. போன வாரம் நான் என் உம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமி "ரோஷமா இருந்துட்டேன்னு எல்லாரும் நெனச்சாங்க" என்று தனக்குத்தானே சொன்னார்களாம், சின்னவன் கேட்டிருக்கிறான்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள் மச்சி. உங்கள் வாப்பாவிடம் கேட்க முடியாது என்றால் கேட்க வேண்டாம்.

*

கடையநல்லூர்
ரபீஉல் அவ்வல் மாதம் பிறை 20

ஹனீபா அண்ணனுக்கு ஹாஜரா என் கையால் அரபுத் தமிழில் எழுதுவது. ஸலாம். உங்கள் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் விசாரிக்கவில்லை.

வாசித்தேன். கிண்ணத்தைப் படியில் வைத்தான் என்ற இடத்தை முதல் நாள் தாண்ட முடியவில்லை. வீட்டு வாசல் வரை வந்துவிட்டானா? ஐம்பது வருஷமாக அவனை நான் ஐஸ்காரன் கடை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், முகம் தெரியாத ஜனத்துக்கு நடுவில், தனியாக. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. அதை மட்டும் நீங்கள் எனக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அன்றிலிருந்து நான் எனக்கு இது வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவா என்று என் வயிற்றில் பிறந்தவனிடம்கூடச் சொன்னதில்லை. பிரசவ வலியில் மருத்துவச்சியைக் கூப்பிடச் சொல்லாமல் கிடந்தேன். உங்கள் மச்சான் என்னைத் திமிர்பிடித்தவள் என்றே நினைத்துப் போனார். கல்யாணத்தின்போது உம்மா என் மாமியாரிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். சண்டை வந்தால் மாமியார், "தம்பிய ஐஸுக்கு அனுப்பிக் கொன்னவதானே" என்பார். என் மகன் வளர்ந்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். ருக்கையா இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே அவளிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

பையன் சொல்லக் கூடாது என்று நான்தான் எழுதச் சொன்னேன். அந்த அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சாவாள் என்று எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. அவளைப் போல நானும் சாவதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அந்தப் படத்தை எடுத்தவனுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும், அவன் ஜப்பான்காரனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எப்படிச் சொன்னீர்கள்? தமிழ் தெரியாத ஒரு பெண்ணைப் பிடித்து, யாருக்கும் தெரியாத எழுத்தில், காதோடு காதாகச் சொன்னீர்கள். என் பழி அப்படியா இருந்தது? இரண்டு ஊருக்கும் தெரிந்த பழி. அதனால் கேட்கிறேன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தரிடம் ஒன்று கேட்கிறேன். இதையே சல்மாவை வைத்து, தமிழ் எழுத்தில், எழுதி அனுப்புங்கள். என் மகனும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, ருக்கையா சத்தமாக வாசிக்கட்டும். மன்னிப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், எனக்கு இன்னும் தெரியவில்லை. அங்கே வருவதைப் பற்றியும் அப்படித்தான்.

நோர்மா டீச்சருக்கு ஸலாம். இந்தச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாமல் அவர் வாசித்துக்கொண்டிருப்பார், பாவம்.

*

ஜார்ஜ்டவுன்
3 நவம்பர் 1991

தங்கச்சி ஹாஜராவுக்கும், அவள் மகனுக்கும், மருமகள் ருக்கையாவுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தாலும் அவர்களுக்கும், ஹனீபா சொல்ல மகள் சல்மா தமிழில் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமாக இருக்கத் துஆ செய்கிறேன். என் உடம்பைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ருக்கையா, இதை நிறுத்தாமல், சத்தமாக வாசிக்க வேண்டும். நடுவில் யாராவது எழுந்து போனால் அவர்கள் திரும்பி வந்ததும் முதலிலிருந்து வாசி.

உன் கடிதத்தை நோர்மா டீச்சர் கடையின் பின்கட்டில் வைத்து வாசித்துக் காட்டினார். முடித்துவிட்டு, "நல்ல செய்தியா பக்சிக்?" என்று கேட்டார். "தங்கச்சி ஒண்ணு கேட்டிருக்கா" என்றேன். "கொடுத்திடுங்க லா" என்றார். அதற்குப் பிறகும் மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. கடையில் எனக்குத் தெரியாத கேசட் இல்லை, வாடிக்கைக்காரன் இல்லை. சல்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதற்கு மட்டும் வாய் வரவில்லை. அவளுக்கு நான் நல்ல வாப்பா.

இன்று கடைக்கு விடுமுறை. மருமகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்துக்குப் போயிருக்கிறான். சல்மா பேனாவை எடுத்து வந்து உட்கார்ந்தாள். "வழக்கம்போல ஸலாம், முழங்கால், இருமல், அதானே?" என்றாள். "இல்லம்மா. உன் சின்ன வாப்பா அலாவுதீன் எப்படி மௌத்தானாங்கன்னு எழுதணும்" என்றேன்.

"அதான் தெரியுமே வாப்பா. மாமி ஐஸ் கேட்டு..."

"அது நான் சொன்ன பொய்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதையும் எழுது என்றேன். எழுதினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் தாளை நேராக வைத்துக்கொண்டு, "சொல்லுங்க வாப்பா, எழுதுறேன்" என்றாள்.

அன்று வியாழக்கிழமை. ஹாஜரா கேட்ட ஐஸை அவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். வாசற்படியில் நின்றவனைத் தெருவுக்குக் கூப்பிட்டது நான்.